முதன்மை மிகை எண்டுறாங்கள், பிறகேன் துண்டு விழுகுது?

கோணாவில்

ஒரே செய்தியில ரெண்டு வசனம் வருது. 2024இல இலங்கை அரசாங்கத்துக்கு முதன்மை மிகை, மொத்த உள்நாட்டு உற்பத்தியில 2.2 வீதம். அடுத்த வசனம்: துண்டுவிழும் தொகை 6.8 வீதம். மிச்சம் பிடிச்சவனுக்கு எப்பிடித் துண்டு விழும்?

மற்றது, கடன் கட்டேலாது எண்டு 2022இல அறிவிச்ச நாடு. அதுக்குப் பிறகும் ரூபாக் கணக்கில கடன் கூடிக்கொண்டுதான் போகுது. ஓமந்தையில இருந்து இயக்கச்சி வரைக்கும் எந்தத் தேத்தண்ணிக் கடையில கேட்டாலும் ஒரே பதில், களவு. களவு இருக்கு, அதை ஒருக்கால் தள்ளி வைப்பம். கணக்குத் தெரிஞ்ச ஆக்கள் கணக்கைச் சொல்லுங்கோ.

வட்டுவாகல்

ரெண்டு வசனமும் சரி அண்ணை. இடையில நிக்கிறது வட்டி.

எங்கட நாட்டு நிதியாண்டு சனவரி 1இல தொடங்கி டிசம்பர் 31இல முடியும். ஒரு பக்கம் வரி, வரியல்லாத வருமானம், கொடை. மற்றப் பக்கம் மீண்டெழும் செலவு, அதாவது சம்பளம், பென்சன், மானியம், வட்டி. அதோட மூலதனச் செலவு, அதாவது றோட்டு, குளம், கட்டிடம். ரெண்டு பக்கத்துக்கும் உள்ள இடைவெளிதான் துண்டுவிழும் தொகை, அதாவது பற்றாக்குறை. அதே கணக்கில வட்டியை மட்டும் எடுத்து வைச்சிட்டுப் பார்த்தால் வாறது முதன்மை மீதி; மிச்சம் வந்தால் அது முதன்மை மிகை. 2024இல வட்டி மட்டும் 9 வீதமளவில. அதில 2.2ஐ மிகையால கட்டினால் மிச்சம் 6.8. அந்த 6.8ஐயும் கடனெடுத்துத்தான் கட்டினது. ரூபாக் கணக்கில கடன் ஏன் ஏறுது எண்ட உங்கட ரெண்டாவது கேள்விக்கும் முக்கால்வாசிப் பதில் இதுதான்.

கனபேர் பிழைவிடுற இடம் ஒண்டு இருக்கு. பழைய கடனின்ர முதலைத் திருப்பிக் கட்டுறது செலவுப் பக்கத்தில வராது. முதலைக் கட்ட எடுக்கிற புதுக்கடன் பற்றாக்குறையைக் கூட்டாது, மொத்தப் படுகடனையும் (அரசு கட்டவேண்டிய முழுக்கடன்) கூட்டாது. பழசு போய் அந்த இடத்தில புதுசு வரும். வருசாவருசம் செலவை அனுமதிக்கிற ஒதுக்கீட்டுச் சட்டமூலத்தில போடுற கடன் எல்லையைப் பார்த்து 'இவ்வளவு கடனா' எண்டு முகநூலில குழறுற ஆக்கள் அந்தத் தொகைக்குள்ள இந்தப் பழங்கடன் மாற்றும் இருக்கெண்டதைப் பார்க்கிறேல்லை.

2021 கணக்கை ஒருக்கால் பாருங்கோ, எல்லாம் பில்லியன் ரூபாவில. அரச வருமானம் சுமார் 1,457. சம்பளம் சுமார் 846. வட்டி சுமார் 1,048. சம்பளத்தையும் வட்டியையும் கூட்டினால் 1,894. பென்சன் ஒரு சதம் குடுக்க முதல், ஆஸ்பத்திரிக்கு ஒரு பனடோல் வாங்க முதல், வருமானம் முடிஞ்சு 437 பில்லியன் பற்றாமல் நிக்குது. மொத்தச் செலவு 3,522 அளவில, கொடையையும் சேர்த்துப் பார்த்தாலும் துண்டு விழுந்தது சுமார் 2,058. வட்டியைக் கழிச்சாலும் 1,010 பில்லியன் முதன்மைப் பற்றாக்குறை. வட்டியே இல்லாத நாடாய் இருந்திருந்தாலும் அந்த வருசம் கடன் வாங்காமல் ஓடியிருக்கேலாது எண்டுதான் அர்த்தம்.

மடுறோட்

அப்ப வட்டியை ஒளிச்சுப்போட்டு 'மிகை' எண்டு சொல்லுறது கண்கட்டு வித்தைதானே? வட்டி கட்டத்தானே வேணும்.

பாலைப்பழம்

கட்டத்தான் வேணும் தம்பி. ஆனால் வட்டி இந்த வருசம் எடுத்த முடிவில்லை, முந்தி எடுத்த கடனின்ர விலை. இந்த வருசம் நாடாளுமன்றம் எடுத்த வரி, செலவு முடிவுகள் எப்பிடி எண்டு பார்க்கத்தான் முதன்மை மீதி. சர்வதேச நாணய நிதியம் 2025இல இருந்து 2.3 வீத முதன்மை மிகையைக் கேட்கிறதுக்கும் இதுதான் காரணம்.

கடன் கூடுதோ குறையுதோ எண்டு பார்க்க மூண்டு எண் போதும். கடனை 100 எண்டு வையுங்கோ, உற்பத்தியும் 100. வட்டி 9 வீதம், முதன்மை மிகை 2, விலையேற்றத்தையும் சேர்த்துப் பொருளாதாரம் 7 வீதம் வளருது. 100 ஆயிருந்த கடன் வட்டியோட 109, மிகையால 2 கட்ட 107. உற்பத்தியும் 107. விகிதம் அசையாமல் 100 வீதத்திலேயே நிக்கும். ரூபாக் கணக்கில கடன் 7 கூடியிருக்கு, ஆனால் சுமை கூடேல்லை.

இப்ப வளர்ச்சியை 3 ஆக்குங்கோ. 107ஐ 103ஆல வகுக்க, 103.9. வளர்ச்சி 7இலேயே இருக்கட்டும், வட்டியை 14 ஆக்குங்கோ. 114இல 2 போக 112, அதை 107ஆல வகுக்க 104.7. அதே மிகை, அதே சிக்கனம், ஆனால் கடன் சுமை ஏறிப்போச்சு. சிக்கனம் மட்டும் செய்து கடனில இருந்து வெளிய வரேலாது எண்டு நான் சொல்லுறது இதைத்தான். வளர்ச்சியும் வேணும், வட்டியும் இறங்க வேணும்.

இந்தக் கணக்கில ஒரு அசிங்கமான பக்கமும் இருக்கு. 2022 செப்டம்பரில கொழும்பு விலைச்சுட்டெண் வருசத்துக்கு 69.8 வீதம் ஏறினது. விலை ஏற உற்பத்திப் பெறுமதியும் ரூபாவில வீங்கும், பழைய ரூபாக் கடன் அதுக்குப் பக்கத்தில சின்னதாத் தெரியும். அரசுக்கு அது லாபம். நட்டப்பட்டது அந்த ரூபாவைக் கடன் குடுத்த பக்கம், அதாவது நிலையான வைப்பில காசு போட்டு வைச்ச ஓய்வூதியக்காரரும் ஊழியர் சேமலாப நிதியமும்.

நெடுங்கேணி_85

ஜப்பான்ர கடன் உற்பத்தியில 200 வீதத்துக்கு மேல. விழேல்லை. நாங்கள் 100 வீதத்தைக் கொஞ்சம் தாண்டினோடன விழுந்திட்டம். ஏன்?

வட்டுவாகல்

ஜப்பான் கடன்பட்டது யென்னில, பெரும்பாலும் தன்ர சனத்திட்டையும் தன்ர வங்கியளிட்டையும். நாங்கள் கிட்டத்தட்டப் பாதிக்குச் சற்றுக் குறையப் பட்டது வெளிநாட்டு நாணயத்தில. ரூபாவை மத்திய வங்கி அச்சடிக்கலாம், டொலரை அடிக்கேலாது. வீழ்ச்சியை உண்டாக்கினது 100 எண்ட எண் இல்லை.

டொலர்க் கடன் எப்பிடிக் கழுத்தை நெரிக்குமெண்டா, 1,000 டொலர் கடன் 2022 மார்ச் தொடக்கத்தில ரெண்டு லட்சம் ரூபா. மே மாசம் டொலர் 360ஐத் தொட, அதே கடன் மூண்டு லட்சத்து அறுபதினாயிரம். ஒரு சதம் புதுசா வாங்காமல் ரூபாவில 80 வீதம் ஏறிப்போச்சு. வற் வரி (பெறுமதி சேர்த்த வரி) வாறது ரூபாவில. கடன் கேக்கிறது டொலரில.

நாட்டின்ர முதலாவது சர்வதேச முறி, அதாவது வெளிநாட்டுச் சந்தையில வித்த கடன் பத்திரம், 2007இல, 500 மில்லியன் டொலர். 2022இல நிலுவையில நிண்டது 12.5 பில்லியன் டொலரளவில. இந்த முறியளின்ர குணம் என்னெண்டா, உலக வங்கிக் கடன் மாதிரி முதல் சிறுகச் சிறுகக் கழியாது. வருசாவருசம் வட்டி, கடைசி நாளில முதல் முழுக்க ஒரே அடியில. வழமையா நாடுகள் அந்த நாளுக்கு முதலே புது முறி வித்துப் பழசைக் கட்டும். 2019 டிசம்பரில இருந்து வரியைக் குறைச்சாப்பிறகு நாட்டின்ர கடன் தரப்படுத்தல் இறங்கிச்சுது, புது முறி விக்கிற சந்தை பூட்டுப்பட்டுது. 2022 சனவரி 18இல 500 மில்லியன் டொலர் முறி ஒண்டைக் கையில இருந்த டொலர் ஒதுக்கில இருந்து கட்டினாங்கள். மூண்டு மாசம் கழியேல்லை, ஏப்ரல் 12இல வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிப்பாட்டினதா அறிவிப்பு. கட்டின அந்த 500 மில்லியனை எரிபொருளுக்கும் மருந்துக்கும் வைச்சிருக்கலாம் எண்டதுதான் என்ர நிலைப்பாடு. இதில மாற்றுக்கருத்து இருக்கிற ஆக்கள் இருக்கினம்.

பாலைப்பழம்

வரிக்குறைப்பையும் எண்ணில சொல்லிவிடுவம், ஆக்கள் அதை லேசா எடுக்கினம். வற் 15இல இருந்து 8 வீதம். வற்றுக்குப் பதியவேண்டிய எல்லை, வருச விற்பனை 12 மில்லியன் ரூபாவில இருந்து 300 மில்லியனுக்கு. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி நீக்கம். சம்பளத்தில கழிக்கிற வரி நீக்கம். 2019இல உற்பத்தியில 12 வீதமளவில நிண்ட அரச வருமானம் 2021இல 8.3 வீதம். விகிதத்தைக் குறைச்சதை விட அந்தப் பதிவு எல்லையை உயர்த்தினதுதான் கூடக் கெடுத்தது எண்டு நான் நினைக்கிறன். விகிதத்தை ஒரு வர்த்தமானியால திரும்ப ஏத்தலாம். கோப்பில இருந்து கழண்டுபோன கடைக்காரரைத் திரும்பிக் கொண்டுவர வருசங்கள் எடுக்கும்.

வற் திரும்ப ஏறின வரிசை: 2022 யூனில 12 வீதம், செப்டம்பரில 15 வீதம், 2024 சனவரியில 18 வீதம். முரசுமோட்டையில சவர்க்காரம் வாங்கிறவரும் கொழும்பு 7இல வாங்கிறவரும் அதே 18.

மடுறோட்

அச்சடிச்சதால வந்ததெண்டு எல்லாரும் சொல்லினம். அச்சடிக்கிறதெண்டா உண்மையில என்ன நடக்குது? மிசினில நோட்டு அடிச்சு லொறியில ஏத்துறதோ?

வட்டுவாகல்

இல்லை. அரசு கடனெடுக்கிற கருவி ரெண்டு. திறைசேரி உண்டியல் 91, 182, 364 நாள். திறைசேரி முறி ரெண்டு வருசத்தில இருந்து மேல. உண்டியல் ஏலம் வழமையா ஒவ்வொரு புதன்கிழமையும். உண்டியலுக்குத் தனியா வட்டி இல்லை, குறைஞ்ச விலைக்கு வித்து முடிவில முழுத்தொகை குடுக்கிறது. ஒரு வருச உண்டியல் 30 வீதத்தில எண்டால் 100 ரூபாத் தாளை அரசு கிட்டத்தட்ட 77 ரூபாவுக்கு வித்திருக்கும். 8 வீதமெண்டால் 92 ரூபா 60 சதத்துக்கு. 2022இல 30ஐத் தாண்டினது. 77ஐ வாங்கி 100 கட்டின வருசம் அது.

ஏலத்தில வட்டியைச் செயற்கையா அமத்தி வைச்சால் ஆக்கள் வாங்க மாட்டினம். வாங்காத மிச்சத்தை மத்திய வங்கி தானே வாங்கி, அரசின்ர கணக்கில புது ரூபாவை வரவு வைக்கும். அச்சடிக்கிறது எண்டுறது இதுதான், பெரும்பாலும் கணினியில ஒரு பதிவு. அந்த ரூபா சம்பளமாப் போய், கடைக்குப் போய், கடைசியில இறக்குமதிக்கு டொலரைத் தேடும். டொலர் இல்லாத நேரம் ரூபா விழும். 2023ஆம் ஆண்டு 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் இப்பிடி அரசிட்ட நேரடியா வாங்கிறதைத் தடை செய்திருக்கு.

ஏ35

நீங்கள் எல்லாரும் கொழும்புப் பக்கத்தைக் கதைக்கிறியள். பற்றாக்குறை வன்னிக்கு எப்பிடி வந்து சேருதெண்டு கொஞ்சம் பாப்பம். அது 'வட்டி' எண்ட பேரில வராது, 'கட்டுநிதி இன்னும் வரேல்லை' எண்ட பேரில வரும்.

ஒதுக்கீடு வேற, கட்டுநிதி, அதாவது செலவுக்குத் திறைசேரி விடுற காசு, வேற. நாடாளுமன்றம் அனுமதிக்கிறது ஒதுக்கீடு, செலவழிக்கிற உரிமை மட்டும். காசு இல்லை. ஒதுக்கீடு வந்தோடன கச்சேரியோ (மாவட்டச் செயலகம்) திணைக்களமோ கேள்வி (டெண்டர்) கோரும். சின்ன வேலையெண்டால் கமக்காரர் அமைப்புக்கு அல்லது கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குக் குடுக்கும். வேலை நடக்கும், அளப்பினம், பில் போகும். பில்லைக் கட்டுறதுக்குத் திறைசேரி கட்டுநிதி விடவேணும். வருமானம் குறைஞ்ச மாசத்தில திறைசேரி முதல்ல கட்டுறது வட்டி, சம்பளம், பென்சன். பின்னுக்கு நிக்கிறது மூலதன வேலை. ஆரும் தெருவுக்கு இறங்காத செலவு அதுதான்.

இனிக் காலநிலையைப் பாருங்கோ. குளத்தில துருசு (தண்ணி திறந்துவிடுற கதவு) திருத்துறதெண்டால் நீர்மட்டம் இறங்கவேணும், சிறுபோகத்துக்குத் தண்ணி குடுத்து முடிஞ்சாப்பிறகுதான் சரிவரும். ஆவணியும் புரட்டாதியும்தான் கையில இருக்கிற காலம். அணைக்கட்டுக்குக் கிறவல் போட்டு இறுக்கிறதும் மாரிக்கு முதல் முடியவேணும், ஈரமண் இறுகாது. காசு பங்குனியில வரவேண்டியது ஐப்பசியில வந்தால் வேலை செய்யேலாது. செய்தாலும் முதல் மழைக்கே கட்டு அரிச்சுப்போகும். டிசம்பர் 31இல ஒதுக்கீடு காலாவதி. அடுத்த வருசம் அதே வேலை 'தொடர் வேலை' எண்டு வந்து புது ஒதுக்கீட்டைத் தின்னும். காகிதத்தில ரெண்டு வருசக் காசு, நிலத்தில அரைக் குளம்.

இதில கணக்குத் தந்திரம் ஒண்டும் இருக்கு, வட்டுவாகல் சொல்லேல்லை. அரச கணக்கு காசு அடிப்படையில. கட்டாமல் கிடக்கிற பில் செலவாப் பதியப்படாது. டிசம்பரில கட்டவேண்டிய பில்லுகளை சனவரிக்குத் தள்ளினால் அந்த வருசப் பற்றாக்குறை வடிவாத் தெரியும். உண்மையில அது ஒப்பந்தக்காரர் அரசுக்குக் குடுத்த வட்டியில்லாக் கடன். அவையளும் முட்டாள் இல்லை, அடுத்த கேள்விப்பத்திரத்தில பிந்தப்போற மாசங்களுக்கும் சேர்த்து விலை போடுவினம். அதால அதே மதகு கூடின விலைக்கு.

வட்டுவாகல்

சரியாச் சொன்னியள் அண்ணை. அரச கூட்டுத்தாபனங்களின்ர கடனும் இதே மாதிரி ஒளிஞ்சு நிண்டதுதான். எரிபொருளை நட்டத்தில வித்த காலத்தில அந்த நட்டம் அரச பற்றாக்குறையில தெரியேல்லை, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின்ர டொலர்க் கடனா வங்கியளில ஏறினது. 2022க்குப் பிறகு அந்தக் கடன் அரசின்ர ஏட்டுக்கு மாறினது.

இன்னொண்டு, 2024ஆம் ஆண்டு 44ஆம் இலக்க அரச நிதி முகாமைத்துவச் சட்டத்தின்படி வட்டி தவிர்ந்த செலவு உற்பத்தியில 13 வீதத்தைத் தாண்டக் கூடாது. எல்லை வட்டிக்கு இல்லை. ஏ35 சொல்லுற துருசுக்கும் வாய்க்காலுக்கும்தான். எல்லை வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டமும் பற்றாக்குறையை 5 வீதத்துக்குள்ள கொண்டுவரச் சொன்னது, ஒருத்தரும் கணக்கெடுக்கேல்லை. ஆனால் சம்பளமும் பென்சனும் குறையாத நாட்டில இந்த 13க்குள்ள நெரிபடப்போறது மூலதனம்தான்.

கோணாவில்

எங்கட பக்கம் நடந்த பெரிய வேலையள் எல்லாம் கடனோ? ரெயில், ஏ9, இந்திய வீடு, இரணைமடு?

ஏ35

கலந்துதான். இந்திய வீட்டுத்திட்டம் கொடை, திருப்பிக் கட்டுறதில்லை. ஓமந்தையில இருந்து வடக்குப் பக்கம் ரெயில்பாதை இந்தியக் கடன். ஏ9 சீனக் கடன். இரணைமடு நீர்ப்பாசனத் திருத்தம் விவசாய அபிவிருத்திக்கான சர்வதேச நிதியத்தின்ர கடன். யாழ்ப்பாணம் கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டத்தில பெரும்பகுதி ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடன்.

எல்லாம் ஒரே மாதிரிக் கடன் இல்லை. 2022இல நிப்பாட்டினது ரெண்டு நாட்டுக்கு இடையிலான கடனும் முறிகளும் வெளிநாட்டு வர்த்தக வங்கிக் கடனும்தான். உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடன் இடைவிடாமல் கட்டுப்பட்டது. அதை நிப்பாட்டினால் அவசரத்துக்குக் காசு தாற கடைசி வாசலும் பூட்டுப்படும். நாடுகளுக்கான கடன் 2024 யூன் 26இல ஒப்பந்தமானது. முதல் கட்டுறது 2028 வரைக்கும் தள்ளி, முடிவு 2043 அளவில. முறிக்காரரோட 2024 டிசம்பரில முடிஞ்சுது. அடிப்படையில முதல்தொகையில 27 வீதம் குறைப்பு, ஆனால் நாடு எதிர்பார்த்ததை விட வளர்ந்தால் கட்டவேண்டியதும் கூடும். இந்தக் கடைசி வரியைத் தேர்தல் மேடையளில ஒருத்தரும் வாசிக்கிறேல்லை.

நெடுங்கேணி_85

ஒவ்வொரு ஆளின்ர தலையிலயும் இத்தினை லட்சம் கடன் எண்டு போடுறாங்களே, அது?

பாலைப்பழம்

அந்தக் கணக்கை விடுங்கோ, ஒண்டையும் விளங்கப்படுத்தாது. ரூபாக் கடனில கடன்பட்டவரும் கடன் குடுத்தவரும் ஒரே சனம்தான். கிளிநொச்சியிலயும் வவுனியாவிலயும் ஆடைத் தொழிற்சாலையில நிக்கிற பிள்ளையின்ர சம்பளத்தில 8 வீதம், முதலாளி 12 வீதம், ஊழியர் சேமலாப நிதியத்துக்குப் போகுது. அந்த நிதியம் அதில பெரும்பகுதியைத் திறைசேரி முறியில போடுது. அந்தப் பிள்ளை அரசுக்குக் கடன் குடுத்தவள். அதே நேரம் வற் கட்டி அந்தக் கடனுக்கு வட்டி கட்டுறவளும் அவள்தான்.

2023இல உள்நாட்டுக் கடனை மறுசீரமைச்ச நேரம் இந்த நிதியத்தின்ர முறியளை நீண்டகாலப் புது முறியளுக்கு மாத்தச் சொன்னாங்கள். மாத்தாட்டில் வருமானத்துக்கு 14 வீதம் இல்லை, 30 வீத வரி. தெரிவு எண்டு சொன்னாலும் அது தெரிவில்லை. வங்கியளின்ர திறைசேரி முறியளைத் தொடேல்லை, தொட்டால் வைப்பாளர் பதறுவினம் எண்டு காரணம் சொன்னாங்கள். காரணத்தில நியாயம் இருக்கு. ஆனால் பதறி வங்கி வாசலில வரிசையில நிக்கேலாத ஆக்களிட்டத்தான் எடுத்தது எண்டதும் உண்மை.

மடுறோட்

சரி, ஒப்புக்கொள்ளுறன். கடைசிக் கேள்வி. இந்த வருசம் எங்கட மாவட்டத்துக்கு எவ்வளவு போட்டிருக்கு, வட்டிக்கு எவ்வளவு போட்டிருக்கு எண்டு நானே பார்க்கிறதெண்டால் எங்க பார்க்கிறது?

வட்டுவாகல்

நிதி அமைச்சின்ர தளத்தில வரவுசெலவுத்திட்ட மதிப்பீடுகள் புத்தகமா இருக்கு, தமிழிலயும் எடுக்கலாம். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு செலவுத் தலைப்பு இலக்கம். மாவட்டச் செயலகங்களில மன்னார் 265, வவுனியா 266, முல்லைத்தீவு 267, கிளிநொச்சி 268. மாகாணசபைக்குப் போறது இதில வராது, அதுக்குத் தனித் தலைப்பு, நிதி ஆணைக்குழுவின்ர சிபாரிசில. வட்டி, கடன் முதல் ரெண்டும் முந்தின வருசப் புத்தகங்களில 249ஆம் தலைப்பில, திறைசேரிச் செயற்பாட்டுத் திணைக்களத்துக்குக் கீழ.

பார்க்கேக்க முந்தின வருசங்களின்ர நிரல்களும் பக்கத்தில இருக்கும். புது வருச எண்ணை மட்டும் பார்த்துச் சந்தோசப்படாதேங்கோ. மூலதனப் பக்கத்தில முந்தின வருசம் மதிப்பிட்டதுக்கும் செலவானதுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கோ.

ஏ35

அதோட கணக்காய்வாளர் நாயகத்தின்ர அறிக்கையும் அதே தலைப்பு இலக்கத்தில வருசாவருசம் வரும். எந்த வேலை ஏன் நிண்டது, எவ்வளவு பில் கட்டாமல் கிடக்குது எண்டு அதில எழுதியிருப்பினம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில கேக்கிறதெண்டால் 'எவ்வளவு ஒதுக்கீடு' எண்டு கேக்காதேங்கோ, அதைச் சந்தோசமாத் தருவினம். எந்தெந்த மாசம் எவ்வளவு கட்டுநிதி கிடைச்சது, டிசம்பர் 31இல கையில இருந்த பில்லின்ர தொகை எவ்வளவு எண்டு ரெண்டையும் எழுத்தில கேளுங்கோ.